மூன்று முறை ரத்தான அமிர்தசரஸ் பயணம்

என் அக்கா புருஷன் அப்பாதுரை மாமாவை நல்லவர் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரையும் கை நீட்டி அடித்ததும் கிடையாது. ஒலக்கூர் கூட்டுறவு சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்து, ஒரு நாள்கூட லேட்டாகப் போகாதவர். ஆனால் அவரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டி வந்தவனுக்குத்தான் அவரைப் பற்றித் தெரியும். எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில்தான் என் முன்மண்டை முடி கொட்டியது என்று என் மனைவி சொல்வாள்.

திருப்பிக் கொடுக்க முடியாத எந்தப் பொருளையும் மாமா வாங்க மாட்டார். மின்விசிறி வாங்கினால் பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் வருகிறது என்று திருப்பிவிடுவார். கைக்கடிகாரத்தை ஒரு மாதம் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, மணி சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பியவர். என் அக்கா கெங்கம்மாளுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொடுப்பார், நல்ல புடவையாகத்தான் எடுப்பார். ஆனால் ஓரம் அடிக்க விடமாட்டார். ஓரம் அடித்துவிட்டால் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டானாம். அக்கா பதினெட்டுத் தீபாவளிக்கு ஓரம் அடிக்காத புடவையைக் கட்டிக்கொண்டு நூல் தொங்க நின்றிருக்கிறாள். பொங்கல் வந்த பிறகுதான் தையற்காரனிடம் போகும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தேவநாதன் விஷயம் அப்படி இல்லை.

தேவநாதன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. பிளஸ் டூ முடித்துவிட்டு பாலிடெக்னிக் சேர ஆசைப்பட்டான். அப்ளிகேஷன் வாங்கியாகிவிட்டது. எலக்ட்ரிக்கலா மெக்கானிக்கலா என்று மாமா யோசித்தார். புதுச்சேரியா கடலூரா என்று யோசித்தார். சேர்ந்த பிறகு பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று இரண்டு இடத்துக்கும் கார்டு எழுதிப் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அப்ளிகேஷன் பீரோவில் இருந்தது. கடைசித் தேதி போய்விட்டது. பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் விழுப்புரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள், போய் வரிசையில் நின்றான், ஓடினான், குதித்தான், தேர்வாகிவிட்டான். "புடிக்கலன்னா திரும்பி வந்துடலாம் இல்ல?" என்று மாமா கேட்டாராம். இது நடந்தது எண்பத்து நான்கில். ஒரு முறை லீவில் வந்து போனான். பிறகு அமிர்தசரஸில் போட்டார்கள். தீவிரவாதிகளின் துப்பாக்கிச் சூட்டால் அங்கே இருந்த நிலைமையில் இரண்டு வருஷமாக லீவு இல்லை.

அக்கா அழுகிறவள் அல்ல. திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில் அவர்களுக்கு ஓர் உர மருந்துக் கடை. மாமா சங்கத்தில் வேலையில் இருந்ததால் கடை லைசென்ஸ் அக்கா பெயரில். பெயருக்கு மட்டும் இல்லை, கடையே அவள்தான். மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், கம்பளிப்பூச்சி விழுந்தால் என்ன மருந்து, எத்தனை மூடி, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று மூட்டை தூக்கிக்கொண்டே சொல்லுவாள். எட்டாவது வரை படித்தவள். தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பாள். இங்கிலீஷ் தெரியாது.

எண்பத்தாறில் பொன்வயல் என்று ஒரு பூச்சிமருந்து கம்பெனிக்காரன் கடைக்காரர்களுக்கு ஒரு திட்டம் போட்டான். ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் ஒரு பச்சைக் கூப்பன் இருக்கும். ஒரு கூப்பனுக்கு ஐந்து பாயிண்ட். இரண்டாயிரம் பாயிண்ட் சேர்த்தால் இரண்டு பேர் பன்னிரண்டு நாள் சுற்றுலா போகலாம், ரயில், ஓட்டல் செலவெல்லாம் கம்பெனி பொறுப்பு. ஒன்று ஊட்டி, மைசூர். இன்னொன்று டெல்லி, ஆக்ரா, அமிர்தசரஸ். கோதுமை வயலின் படம் போட்டு, பஞ்சாப் விவசாயத்தைப் பாருங்கள் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வருஷங்களில் பஞ்சாப் என்று பேப்பரில் எந்தச் செய்தியோடு வரும் என்பது அச்சடித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது. ஜில்லாவில் இருந்த மருந்துக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் மைசூர் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அக்கா அந்த நோட்டீஸைக் கடைச் சுவரில் ஒட்டினாள். பெட்டி பிரித்தால் முதலில் கூப்பனை எடுப்பாள். மைதாப் பசை காய்ச்சி, தாளில் நாற்பது நாற்பதாக ஒட்டுவாள். யாராவது மருந்து மாற்றிக் கேட்டாலும் பொன்வயலையே தலையில் கட்டிவிடுவாள். பதினோரு மாதத்தில் இரண்டாயிரம் தாண்டிவிட்டது. "தம்பி, நான் மைசூரு அரண்மனையப் பாத்து இன்னா பண்ணப் போறேன்? எம்புள்ளயப் பாத்துட்டு வந்தாப் போதும்டா" என்று என்னிடம் சொன்னாள்.

நான் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன். பெயர் சக்கரபாணி. அப்போதெல்லாம் எங்கள் ஸ்டேஷனில் இருந்து சென்ட்ரலுக்குத் தந்தி அடித்துத்தான் டெல்லி ரயிலில் இடம் வாங்க வேண்டும். கம்பெனி படிவங்கள் இங்கிலீஷில் இருந்ததால் அதை நிரப்பும் வேலையும் என் தலையில் விழுந்தது. படிவத்தில் லைசென்ஸ்காரர் கையெழுத்து வேண்டும், அதாவது அக்கா கையெழுத்து. நான் நிரப்பிக் கொடுப்பேன், மாமா திண்டிவனத்துக்கு எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார், நான் தபாலில் சேர்ப்பேன்.

படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கிளம்பும் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பு வரை பயணத்தை ரத்து செய்யலாம், பாயிண்ட் முழுவதும் திரும்ப வரவு வைக்கப்படும். அந்த வரியை நான் படித்துச் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதை நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"முழுசா திரும்பிடுமா மச்சான்?"

"முழுசா."

"பிடித்தம் ஒண்ணும் கெடையாது?"

"கெடையாது மாமா."

"அப்ப தாராளமா போடு. வேணாம்னா எடுத்துக்கலாம்."

அன்று ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். அவரிடம் ஒரு நோட்டு. அதில் ஒரு பக்கம் பயணத் திட்டம், எதிர்ப்பக்கம் பேப்பரில் வெட்டி ஒட்டிய பஞ்சாப் செய்திகள். எந்த ஊரில் எத்தனை பேர், எந்தப் பஸ்ஸில், பகலா ராத்திரியா என்று சிவப்பு மையில் குறிப்பு. அக்கா கூப்பன் ஒட்டக் காய்ச்சிய அதே பசை.

"இதப் பாரு. ஜலந்தர்ல பதினோரு மணிக்கு. பட்டப்பகல்ல."

"நீங்க ஜலந்தர் போகல மாமா. ரயில் அந்த வழியாப் போவும், அவ்ளோதான்."

"வழியாப் போவுது இல்ல?"

"கதவச் சாத்திக்கினு உள்ள உக்காந்துக்கினு போறீங்க."

"நடுவழில நிறுத்திட்டான்னா?"

நிறுத்த மாட்டான் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாது. பயம் நியாயமானதுதான். செத்தவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, பேப்பரைப் படித்தால் எனக்கும் சாப்பாடு இறங்காது. போகவே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டிருந்தால் அது ஒரு முடிவு. நான் மதித்திருப்பேன். அவரோ போகவும் மாட்டார், போகவில்லை என்று சொல்லவும் மாட்டார். ஒரு வாரம் கம்பளிச் சட்டை இரவல் வாங்கி வருவார், மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா, ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆபத்தா என்று முக்கால் மணி நேரம் பேசுவார். என் மனைவி கேப்பைக் கூழைக் கரைத்து முன்னால் வைத்துவிட்டு, இனி வருவதை நீங்களே பாருங்கள் என்பது போல உள்ளே போய்விடுவாள்.

முதல் தடவை எண்பத்தேழு ஜனவரிக்குப் போட்டோம். கிளம்புவதற்குச் சரியாகப் பதினாறு நாள் முன்னால் மாமா கவுண்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். ரத்து. இரண்டாம் தடவை ஜூனுக்கு. மே மாதத்தில் பஞ்சாபில் மந்திரிசபையைக் கலைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது, ரத்து. மூன்றாம் தடவை ஆகஸ்டுக்கு. ஜூலையில் பஸ்ஸை நிறுத்திச் சுட்டார்கள், ரத்து. மூன்று முறையும் ரத்துக் கடிதத்தை அழகான இங்கிலீஷில் எழுதியவன் நான். மூன்று முறையும் அடியில் கெங்கம்மாள் என்று கொஞ்சம் சாய்ந்த தமிழ்க் கையெழுத்து. கோபத்தில் அந்தக் கையெழுத்தை நான் கவனித்ததோடு சரி, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறையாவது நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது ரத்துக்குப் பிறகு மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே, "கம்பெனிக்காரன் இன்னொரு தபா தள்ளி வச்சிட்டானாமேடா. இன்னாத்துக்குத் தள்றான்?" என்றாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அப்பளத்தைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நமக்கு என்ன வேலை என்று நினைத்தேன். "ஏதோ அவன் சவுகரியம்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன்.

செப்டம்பரில் தேவநாதனிடமிருந்து இன்லண்டு கடிதம் வந்தது, இப்படி எழுதியிருந்தான். நீங்கள் வருவதாக மூன்று முறை எழுதினீர்கள், மூன்று முறையும் கேம்ப்பை விட்டு வெளியே வர அவுட் பாஸ் வாங்கி வைத்திருந்தேன். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே போக முடியாது, பகலில் ஊர் ஊராகத்தான் இருக்கிறது. கேம்ப் வாசலில் ஒரு சர்தார் வீட்டுப் பெரியம்மா தயிரைக் கடைந்து பெரிய தம்ளரில் கொடுக்கிறார்கள், அம்மா எப்போது வருவார்கள் என்று அவர்களே கேட்கிறார்கள். பரவாயில்லை, எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது, நானே வருகிறேன். பதினேழாம் தேதி மெட்ராஸ். போக வர ரயிலிலேயே ஆறு நாள் போய்விடும், நாலு நாள் வீட்டில் இருப்பேன்.

மாமா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் வந்தார். ஜெயித்தவர் போல இருந்தார்.

"பாத்தியா மச்சான்? பொறுமையா இருந்ததால இன்னா நஷ்டம்? அவனே வர்றான். பாயிண்ட்டும் அப்படியே கீது. எதுக்கு அந்தப் பேஜாரு புடிச்ச ஊருக்கு நாம போவணும்? இங்கன்னா ஒரு பயமும் இல்ல."

பதினேழாம் தேதி என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். விக்கிரவாண்டியில் இருந்து திண்டிவனம் தாண்டி அந்தப் பக்கம் வரை ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ரயில் நின்று நின்று வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. எங்கள் ஸ்டேஷனில் நானூறு பேர் பிளாட்பாரத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள். என் கவுண்டரில் எனக்கு வேலை இல்லை, வசவு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பதினெட்டாம் தேதி காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்து கூப்பிட்டார்கள். ரயில்வே போனில் செங்கல்பட்டு ஸ்டேஷன். அங்கே இருந்தவர் ராணுவப் பையன் என்று இரக்கப்பட்டு அவனிடம் போனைக் கொடுத்திருக்கிறார்.

"மாமா, தேவநாதன் பேசறேன். செங்கல்பட்டு வரைக்கும் வந்துட்டேன். நடந்தே வந்துடட்டுமா? ராத்திரி பகலா நடந்தா ரெண்டு நாள்ல திண்டிவனம் வந்துடுவேன்."

"வேணாம்டா. எங்க சுடறாங்க, எங்க அடிக்கறாங்கன்னு ஒண்ணும் புரியல. உன் முடியப் பாத்தாலே மிலிட்டரின்னு தெரியும், போலீஸ்னு நெனச்சிக்கினு யாராவது கல்லெடுத்தா இன்னா பண்ணுவ? இங்க நெலம சரியில்ல. அங்கயே இரு."

போனில் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவன் சிரித்தான். "அமிர்தசரஸ்ல இருந்து வர்றேன் மாமா. அங்க நல்லாத்தான் இருந்தேன்" என்றான்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் யாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேனோ அவர் பேச்சை அப்படியே நான் பேசியிருக்கிறேன். அதற்கும் மாமா மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

திண்டிவனம் ஸ்டேஷனுக்கும் ரயில்வே போனில் சொல்லி, கடைக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். அக்கா உடனே வந்துவிட்டாள். அன்று மட்டும் இல்லை, அடுத்த இரண்டு நாளும் விடிந்ததும் வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாளாம். கையில் ஒரு தூக்குவாளி, அதில் அவன் விரும்பித் தின்னும் மல்லாட்டை உருண்டை. தண்டவாளத்தில் காக்கா தவிர ஒன்றும் வரவில்லை. இருபதாம் தேதி திண்டிவனம் ஸ்டேஷன்காரர் மனசு வந்து செங்கல்பட்டில் இருந்த அவனோடு ஒரு நிமிஷம் பேச விட்டார். ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் பாதிதான் கேட்கும். "சாப்ட்டியாடா? சாப்ட்டியா?" என்று அக்கா கத்தியதை நான் விழுப்புரத்தில் இருந்தே அந்த லைனில் கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி அவன் திரும்பிப் போக வேண்டிய நாள். போய்விட்டான். அதை அவளுக்குச் சொல்லச் சொல்லி நான்தான் போன் செய்தேன். இருபத்து நான்காம் தேதி மரங்களை அப்புறப்படுத்தி, பஸ் ஓடத் தொடங்கியது.

மூன்று நாள் கழித்துப் பொன்வயல் கம்பெனியின் ஆள் சீனுவாசன், ஆர்டர் எடுக்க அக்கா கடைக்கு வந்திருக்கிறான். சின்னப் பையன், வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, மூணு தடவ புக் பண்ணி மூணு தடவையும் நீங்களே கான்சல் பண்ணிட்டீங்க. டிசம்பரோட பாயிண்ட்டெல்லாம் காலி. கடைசியில ஒரு குக்கராவது வாங்கிக்கங்க" என்றானாம்.

"நானா கான்சல் பண்ணேன்?" என்று அக்கா கேட்டாள்.

"உங்க கையெழுத்துதானேம்மா. ஆபீஸ்ல பாத்தேன். லெட்டர் நல்லா எழுதியிருந்தீங்க."

மறுநாள் காலை பத்து மணி. என் கவுண்டரில் வரிசை. இருபத்தைந்து வருஷத்தில் அக்கா ஒரு முறைகூட வரிசையில் நின்றதில்லை, பக்கத்துக் கதவு வழியாக வந்து "தம்பி" என்பாள். அன்று வரிசையில் நின்றாள். எனக்கு முன்னால் இருந்த பாண்டிச்சேரிக்காரரை அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு அப்பால் அவள் முகம்.

ஒரு படிவத்தை உள்ளே தள்ளினாள். சீனுவாசனிடம் புதிதாக வாங்கியது. அதில் இரண்டு கட்டம். ஒன்று ரத்து செய்யக்கூடிய பயணம், இரண்டாயிரம் பாயிண்ட். மற்றது ரத்து செய்ய முடியாதது, ஆயிரத்து எண்ணூறு. இந்த இரண்டாவது கட்டம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. மாமாவுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"திருப்பித் தர முடியாதது எதுன்னு காட்டு."

காட்டினேன். என் பேனாவைக் கேட்டு வாங்கி, தாளே கிழிகிற மாதிரி டிக் போட்டாள்.

"முன்ன மூணு லெட்டரும் நீதான எழுதின?"

"ஆமாக்கா."

"அதுல இன்னா எழுதியிருந்த?"

வரிசையில் பின்னால் நின்றவர், "ஜல்தி ஆவட்டும்மா, வண்டி வந்துடும்" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னேன். கெங்கம்மாள் ஆகிய நான் சொந்தக் காரணங்களுக்காக இந்தப் பயணத்தை ரத்து செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். தமிழில் சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டாள். "அவுரு, கம்பெனிக்குக் குடுக்கற ரசீதுன்னு சொன்னாரு" என்றாள். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் போட்டாள். அக்டோபர் பதினைந்துக்கு இரண்டு இடம் கேட்டுத் தந்தி அடித்தேன்.

மாமா அன்று மாலையே வந்துவிட்டார். கையில் நோட்டு இல்லை.

"எதாவது வழி இருக்கும் மச்சான். டாக்டர் சர்டிபிகேட்டு குடுத்தா?"

"இல்ல மாமா."

"யாராவது செத்துட்டா?"

"யாரு சாவணும்? நீங்களா, நானா?" என்று நான் கத்திவிட்டேன். பிளாட்பாரத்தில் டீக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். ஒன்பது மாதக் கடுப்பையும் அங்கேயே கொட்டினேன். உங்களுக்கு எல்லாமே திரும்பி வரணும். பொருள் திரும்பி வரணும், பாயிண்ட் திரும்பி வரணும். நாலு நாள் லீவு போச்சே, அது எந்தக் கணக்கில் திரும்பி வரும்? துப்பாக்கிக்குப் பயந்தீங்களே, இங்கே மட்டும் அது பூவா கொட்டிச்சு? இப்படி நிறையக் கேட்டேன். நல்ல நல்ல கேள்வியாக வந்தது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "துப்பாக்கிக்கு மட்டும் பயமில்ல மச்சான்" என்றார். "அந்த அப்ளிகேஷன நான் பீரோல வச்சிக்கினு இருந்தேன் பாரு. அவன் அத ஒரு தபா கூடக் கேக்கல. அங்க போய் நின்னு, அவன் என்னைய வாப்பான்னு கூப்ட்டா நான் எப்படிடா அவன் மூஞ்சில முழிப்பேன்?"

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவைத்துக் குடித்தார்.

அக்டோபர் பதினைந்து, திண்டிவனம் ஸ்டேஷன். நான் லீவு போட்டு வழியனுப்பப் போனேன். அக்கா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது, புதுப் புடவை கட்டியிருந்தாள், ஓரம் அடித்திருந்தது. பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, அதே தூக்கு. கையில் இரண்டு டிக்கெட். மாமா எங்கே என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. ரெண்டு இடம் இருக்குது. வந்தா ஒக்காரட்டும்" என்றாள்.

வண்டி வந்து நின்றது. அவளை ஏற்றி உட்கார வைத்தேன். கார்டு விசில் எடுக்கும் நேரத்தில் மாமா ஓடி வந்தார். ஒரு மஞ்சள் பை, கையில் அன்றைய பேப்பர், இரவல் வாங்கிய குல்லா. ஏறியவர் மூச்சு வாங்க, "நாலாம் பக்கத்துல போட்டிருக்கான், நேத்து பாட்டியாலா பக்கத்துல" என்று தொடங்கினார். அக்கா அவர் கையிலிருந்து பேப்பரை வாங்கினாள். இரண்டாக மடித்து, எண்ணெய் கசிந்த தூக்குக்கு அடியில் வைத்தாள். மாமா பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அக்கா நகர்ந்து ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை, தான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரை உள்பக்கம் உட்கார வைத்தாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சென்ட்ரலுக்கு எப்படிப் போவது, டெல்லியில் யார் வருவார்கள் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி அசைந்தது.

"தம்பி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "அவுருக்கு பயம். ஒனக்கு இன்னாடா?"

நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

இப்போதெல்லாம் என் கவுண்டரில் ரத்துக்கு வருகிற டிக்கெட்டில் பெண் பெயர் இருந்தால், இந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். ரூல்ஸில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆம்பளைகள் முறைக்கிறார்கள், உன் வேலையைப் பாருடா என்கிறார்கள், என் மேல் இரண்டு புகார் போயிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.